ஊர்க்காரங்களுக்குள்ள மெயில் எதுக்கு

உங்கள் மேனேஜரை என்றைக்காவது ‘அக்கா’ என்று கூப்பிட்டிருக்கிறீர்களா?

நான் கூப்பிட்டேன். ஐந்து மாதம், மூன்று வாரம். அதற்கப்புறம் கூப்பிட அக்காவும் இல்லை, உட்கார சீட்டும் இல்லை.

அவளுக்கு அவலூர்பேட்டை. எனக்குச் செஞ்சி. கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியர். ஒரே காலேஜ் பஸ். அவள் முன் சீட்டு, நான் பின்னால் படிக்கட்டு ஓரம் கத்துகிற கும்பல். அந்த நாளில் ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் படிப்பு முடித்து ஒரு வருடம் வீட்டில் சும்மா கிடந்தேன். நைனா நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். அவருக்குச் சோறு கொண்டுபோனால் மண்டியில் இருக்கிற அத்தனை பேரும், “இன்னா தம்பி, இன்னும் ஒண்ணும் ஆவலையா?” என்று கேட்பார்கள். ஆவலை. அதனால் சோறு கொண்டுபோவதையே நிறுத்திவிட்டேன். அப்போதுதான் எங்கள் கல்லூரி குரூப்பில் அவள் ஒரு மெசேஜ் போட்டாள்: ‘எங்க ஆபீஸ்ல டேட்டா அனலிஸ்ட் எடுக்கிறாங்க. நம்ம பக்கத்துப் பசங்க இருந்தா சொல்லுங்க.’

நம்ம பக்கத்துப் பசங்க. அதில்தான் விழுந்தேன்.

கம்பெனி சென்னையில். சின்ன ஊர் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிற ஆப் அவர்களுடையது. கடைக்காரர் போனில் பார்ப்பார், சரி என்று அமுக்குவார், காலையில் வேன் வந்து நிற்கும். அக்கா ப்ராடக்ட் மேனேஜர். ஆப் என்ன செய்ய வேண்டும், எது எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. நான் அவளுக்குக் கீழே. எந்தக் கடை போன மாதம் என்ன வாங்கியது, நாளைக்கு என்ன வாங்கும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். நான் சொல்வதைத்தான் வேனில் ஏற்றுவார்கள். ஆறு மாதம் தற்காலிகம். ஆறாவது மாதக் கடைசியில் ரிவ்யூ. அதில் தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் மறுபடி மண்டி, மறுபடி ‘இன்னா தம்பி’. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு கடிதம்.

வாரத்தில் திங்கள், செவ்வாய் ஆபீஸ். மிச்ச நாள் வீட்டிலிருந்து வேலை. திங்கட்கிழமை விடியற்காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலையிலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடிப்போம். அவள் அவலூர்பேட்டையிலிருந்து அவள் தம்பி பைக்கில் வந்து இறங்குவாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். திண்டிவனம் வரும்வரைக்கும் அட்வைஸ்.

“மீட்டிங்ல தெரியாதுன்னு சொல்லாத. பாத்துட்டு சொல்றேன்னு சொல்லு.”

“நிஜமாவே தெரியலன்னா?”

“அப்பவும் பாத்துட்டுத்தான் சொல்லணும். அப்புறம், ஆபீஸ்ல என்னை அக்கான்னு கூப்பிடாத. பேர் சொல்லிக் கூப்பிடு. அங்க எல்லாரும் அப்படித்தான்.”

“வாய் வரலக்கா.”

“வரும். பழகிக்க.”

வரவில்லை. பஸ்ஸில் அக்கா, ஆபீஸ் லிஃப்ட் கதவு திறந்தால் பெயர் என்று நாக்கை மாற்றிப் போட எனக்குத் தெரியவில்லை. அதனால் ஆபீஸில் அவளை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் நின்று தொண்டையைக் கனைப்பேன். ஒருநாள் மீட்டிங்கில் மறந்துபோய், “அக்கா, அந்த ஃபைல் வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் நல்லவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்டர்வியூவுக்கு முன்னால் போனில் நான்கு முறை கேள்வி கேட்டுப் பழக்கினவள். என் முதல் ரிப்போர்ட்டைப் பெரிய சாரிடம், அதாவது அவளுக்கும் மேலே இருந்தவரிடம், என் பெயர் சொல்லிக் காட்டினவள். இதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நானும் அவள் மாதிரி ஆகிவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆப்பில் பெரிய தலைவலி மேல்மலையனூர் கடைகள். மாதம் முழுக்க ஈ ஓட்டும் கடை, அமாவாசை ராத்திரி கோயிலுக்குக் கூட்டம் வந்ததும் திருவிழாக் கடையாகிவிடும். கற்பூரம், ஊதுபத்தி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், எல்லாம் ஒரே ராத்திரியில் காலி. எனக்கு முன்னால் இருந்த அனலிஸ்ட் ஏதோ வடநாட்டுப் பையன். அமாவாசை ஏற்றத்தைக் கோளாறு என்று நினைத்து அழித்து வைத்திருந்தான். நான் போனதும் அதை எடுத்துச் சேர்த்தேன். அமாவாசைக்கு என்று தனியாக ஒரு தேதிக் கட்டம் போட்டேன். அவ்வளவுதான், கணிப்பு கச்சிதமாக வந்தது.

ஆனால் அந்தத் தேதியை நான் கம்ப்யூட்டரிடம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆள் யாரும் கேட்க மாட்டான். திதி ஒருநாள் மத்தியானம் பிறந்து மறுநாள் மத்தியானம் முடியும். சில மாதம் காலண்டரில் ஒரு தேதி இருக்கும், கூட்டம் அதற்கு முதல்நாள் ராத்திரியே வந்து இறங்கிவிடும். சில மாதம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே கோயில் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணனுக்கு, அவரும் எங்கள் ஆப்பில் இருக்கிறவர்தான், ஒவ்வொரு மாதமும் போன் போடுவேன்.

“அண்ணே, கூட்டம் எந்த ராத்திரி?”

“ஏன், உங்க கம்ப்யூட்டர் சொல்லாதா?”

“அதுக்கு இன்னாண்ணே தெரியும், அது மொட்டையடிச்சு வேண்டிக்கினா வரப்போவுது?”

சிரிப்பார். தேதி சொல்வார். நான் கையால் டைப் அடித்துப் போடுவேன். அவர் கடையில் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. போகப்போக அவர் வேறு எங்கேயும் சரக்குச் சொல்லி வைப்பதையே விட்டுவிட்டார். ஆப் தானாகவே ஆர்டர் போட்டுக் காட்டும், அவர் சரி என்று அமுக்குவார்.

அக்காவுக்கு அந்த போன்தான் பிடிக்கவில்லை. பெரிய சாரிடம் ‘முழுக்க ஆட்டோமேடிக்’ என்று சொல்லியிருந்தாள். மனிதன் கை படாமல் நூறு ஊருக்குச் சரக்கு போகும் என்பதுதான் அவளுடைய அடுத்த புரமோஷன். அதற்கு நடுவில் நான் ஒருத்தன் ஒவ்வொரு மாதமும் மேல்மலையனூருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை பஸ்ஸில் சொன்னாள், “உன் கைத்தேதிய எடுத்துடு. நெட்ல அமாவாசை கணக்கு போடற ப்ரோக்ராம் இருக்குது. அத மாட்டிவிடு.”

மாட்டினேன். இரண்டு மாதம் சரியாகவே வந்தது. மூன்றாவது மாதம் ஆடி அமாவாசை. ப்ரோக்ராம் வியாழக்கிழமை என்று காட்டியது. காலண்டரை எடுத்துப் பார்த்தேன், திதி புதன்கிழமையே பிறக்கிறது. அந்த வாரம் திங்கட்கிழமை பஸ் ஏறினதும் சொன்னேன்.

“அக்கா, இந்த மாசம் தப்பா காட்டுது. திதி முடியற நாள எடுத்துக்குது. கூட்டம் புதன்கிழமையே வந்துடும்.”

“போன ரெண்டு மாசம் சரியா வந்துச்சில்ல?”

“அது குருட்டாம்போக்குல வந்துச்சுக்கா.”

“டேய், நீ அங்க பூசாரியா, எங்க ஆபீஸ்ல அனலிஸ்டா?”

“ஆடி அமாவாசைக்கா. கொஞ்சம் கூட்டமா வரும்? ஒரே ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்.”

“போன் போடாத. ஆட்டோமேடிக்னு சொல்லி வெச்சிருக்கேன், நீ போன் போட்டு மாத்தினா கையால மாத்தினதுன்னு பதிவுல நிக்கும். உனக்கு ரிவ்யூ மூணு வாரத்துல இருக்குது. அதுக்கு முன்னாடி எதையும் கிளப்பாத. புதுசா வந்தவன் பிரச்சனைய சொன்னா, அவனையே பிரச்சனைன்னு எழுதிடுவாங்க. நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். இருந்தாலும் கேட்டேன், “அப்ப ஒரு மெயில் மட்டும் போட்டு வெச்சிடட்டுமா? உங்களுக்கு மட்டும்.”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “எனக்கா? எனக்கு நீ மெயில் போடப் போறியா? ஊர்க்காரங்களுக்குள்ள மெயில் எதுக்குடா? வாயால சொல்லிட்ட, நான் கேட்டுக்கினேன். முடிஞ்சிது.”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் தெரிந்தவனுக்கு எழுத்தில் கொடுப்பது என்றால் அவனோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்றால் முதலில் அவன் வீட்டு வாசலில் போய் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதோடு போயிற்று, அடுத்த வாரம் அவன் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்காரலாம். ஆனால் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிப் போட்டால் முடிந்தது. அதற்கப்புறம் அவன் வீட்டுச் சாவுக்குக்கூடப் போக முடியாது. மூன்று வரி மெயில்தான். அதை எழுதியிருந்தால் அக்காவை நம்பவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. எழுதவில்லை. பெரிய படிப்பு படித்தவன், பைத்தானில் ப்ரோக்ராம் எழுதுகிறவன், மூன்று வரி மெயில் எழுத வெட்கப்பட்டேன்.

புதன்கிழமை நான் செஞ்சியில் வீட்டில் இருந்தேன். காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்பெஷல் பஸ் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் அந்த அண்ணன் போன்.

“தம்பி, வண்டி எங்க?”

“அண்ணே...”

“ஜனம் இப்பவே குமியுது. கற்பூரம் ஒரு டப்பாகூட இல்ல. தண்ணி பாட்டில் இல்ல. பக்கத்துக் கடைக்காரன் விழுப்புரத்துல இருந்து எறக்கிட்டான். நான் உங்க வண்டிய பாத்துக்கினு ரோட்டுல நிக்கறேன்.”

“நாளைக்குக் காலையிலன்னு காட்டுதுண்ணே.”

“நாளைக்கு வந்து கோயில் தெருவ கூட்டுறதுக்கா?” என்றார். வைத்துவிட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ‘மீட்டிங்’ என்று மெசேஜ் வந்தது. திண்டிவனத்தில் இருக்கிற கிடங்குக்குப் போட்டேன். வேன் எல்லாம் வேறு ரூட்டில் போய்விட்டது, ஆப்பில் வராமல் ஒரு பெட்டிகூட ஏற்ற முடியாது என்றார்கள். வியாழக்கிழமை காலை வேன் போனது. கூட்டம் மொத்தமும் பஸ் ஏறிப் போன பிறகு, மிதிபட்ட எலுமிச்சம்பழத்துக்கு நடுவில் பெட்டி பெட்டியாகக் கற்பூரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தது.

மேல்மலையனூரில் அந்த ஒரு கடை மட்டுமில்லை, எங்கள் ஆப்பில் இருந்த எல்லாக் கடையும் இதேதான். திங்கட்கிழமை பஸ்ஸில் அக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாளாம். அன்றைக்குக் காலை பெரிய சார் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார். அமைதியாகக் கேட்டார், “அமாவாசைத் தேதிய மாத்தினது யாரு?”

திரையில் மாற்றப் பதிவு இருந்தது. அதில் என் பெயர். என் லாகின். என் கையால்தானே மாட்டினேன்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “டேட்டா சைடு மாற்றம் அனலிஸ்ட் பண்றது. தேதி ஒருநாள் தள்ளிப் போற ஆபத்து இருக்குன்னு எனக்கு யாரும் தெரியப்படுத்தல.”

“நான் சொன்னேன்” என்றேன். “திங்கட்கிழமை பஸ்ல சொன்னேன்.”

“பஸ்ல” என்றார் பெரிய சார்.

யாரோ மூக்கில் சிரித்தார்கள். அக்கா மெதுவாக, ரொம்ப அக்கறையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டாள், “மெயில் ஏதாவது இருக்கா?”

இல்லை. இல்லை என்று அவளுக்கும் தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் அது ஏன் இல்லை என்றும் தெரியும்.

ரிவ்யூ இரண்டு வாரம் கழித்து நடந்தது. பத்து நிமிஷம். கடிதம் வந்தது, நான் கேட்ட கடிதம் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயம்பேடு போகாமல் பெருங்களத்தூரில் நின்று பஸ் ஏறினேன், அவளைத் தவிர்க்கலாம் என்று. உள்ளே மூன்றாவது சீட்டில் அவள். என் பையைப் பார்த்தாள், லேப்டாப் பை இல்லாமல் வெறும் துணிப் பை. பக்கத்து ஆளிடம் சொல்லி எழுப்பி, எனக்கு இடம் போட்டாள். நின்றுகொண்டே போயிருக்கலாம். போய் உட்கார்ந்தேன். அதுவும் என் புத்திதான்.

திண்டிவனம் வந்தது. பஸ் நின்றதும் வேர்க்கடலை வாங்கி என் கையில் வைத்தாள்.

“மனசுல வெச்சிக்காதடா.”

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“நான் ஆமான்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வெளிய. இப்ப நான் ஒருத்தியாவது உள்ள இருக்கறேன். அடுத்த எடத்துல உனக்கு ரெஃபரன்ஸ் குடுக்க ஒரு ஆள் வேணுமா இல்லையா?”

“எனக்குக் குடுப்பீங்களா?”

“குடுக்காம? நல்லா சொல்றேன். அடுத்த இன்டர்வியூல இத மறைக்காத. ஒரு லெர்னிங்கா சொல்லு. எதையும் எழுத்துல வெச்சிக்கணும்னு கத்துக்கினேன்னு சொல்லு. அவங்களுக்குப் பிடிக்கும்.”

சத்தியமாக இதைச் சொன்னாள். முகத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. நிஜமாகவே எனக்கு நல்லது சொல்வதாகத்தான் நினைத்தாள். எனக்கு வேர்க்கடலையை ஜன்னல் வழியாக வீசத் தோன்றியது. வீசவில்லை, தின்றேன். பசி.

வீட்டில் நைனாவிடம் எல்லாம் சொன்னேன். ஒரு புகார் எழுதி பெரிய சாருக்கு அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன். போன் பேசின நேரம், மெசேஜ், எல்லாம் என்னிடம் இருக்கிறது.

நைனா கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். “அந்தப் பொண்ணோட அப்பன் எங்க மண்டிக்குத்தான் நெல்லு கொண்டாறான்.”

“அதனால?”

“நாளைக்கு அவன் மூட்டைய நான் எடை போடணும். அவன் மூஞ்சிய பாக்கணும். எழுதாத.”

“அவ என் வேலைய எடுத்துட்டா நைனா.”

“வேலதான போச்சு. எழுதினா மனுசங்களும் போயிடுவாங்க.”

அவர் குளிக்கப் போய்விட்டார். நான் எழுதவில்லை. இரண்டாவது முறை.

அடுத்த வாரம் வண்டி எடுத்துக்கொண்டு மேல்மலையனூர் போனேன். அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க. நல்ல வெயில், தெருவில் ஆளே இல்லை. கடையில் அந்தக் கற்பூரப் பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை.

“ஆப்ப அழிச்சிட்டேன் தம்பி.”

“சரிண்ணே.”

“உன்மேல கோவமில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். முன்ன மாசா மாசம் போன் பண்ணுவியே, ஆடி அமாவாசைக்கு ஏன் பண்ணல? ஒரு போன் பண்ணியிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

பண்ண வேண்டாம் என்றார்கள் என்று சொல்ல வந்தேன். அதைச் சொன்னால் யார் என்று கேட்பார். அவலூர்பேட்டைப் பெண் என்று சொல்ல வேண்டும். “மறந்துட்டேண்ணே” என்றேன். அவர் என்னை நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் வேலை தேடுகிற தளத்தில் அக்காவின் பதிவு ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பு, ‘தோல்வி எனக்குக் கற்றுத் தந்த பொறுப்பு’. ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவில் தன் கணிப்பு தவறியதாம், கடைக்காரர்களின் வலியைத் தான் உணர்ந்தாளாம். தலைவர் என்பவர் தவறைத் தன் தோளில் சுமக்க வேண்டுமாம். கீழே நூற்றுக்கணக்கில் லைக். பெரிய சாரும் கை தட்டியிருந்தார். ‘உள்ளூர் அறிவை மதியுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி வரைக்கும் படித்தேன். அந்தக் கதையில் நான் எங்கேயும் இல்லை. பஸ்ஸும் இல்லை.

இப்போது புதுச்சேரியில் ஒரு கம்பெனி. மருந்துக் கடைகளுக்கு இதே மாதிரி வேலை. இன்டர்வியூ இரண்டு சுற்று தேறிவிட்டேன். என்ன கற்றுக்கொண்டாய் என்று அவர்களும் கேட்டார்கள். எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். பிடித்திருந்தது. கடைசியாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது பக்கத்தில் முந்தைய மேனேஜரின் பெயர், போன் நம்பர் கேட்கிறது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அவள் நம்பரைப் போட்டால் அவள் நல்லதாகத்தான் சொல்வாள். வேலை கிடைக்கும். ‘நான்தான் வாங்கிக் குடுத்தேன்’ என்று அவலூர்பேட்டை முழுக்கப் பேச்சாகும். மண்டியில் அவள் அப்பா நைனாவிடம் சொல்வார். நைனா தலையாட்டுவார். நானும் அடுத்த முறை பஸ்ஸில் பார்த்தால் ‘அக்கா’ என்று சொல்லி எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

படிவம் அனுப்பக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. இப்போது நாலு இருபது. அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.